எண்பது போக மிச்சம் அறுபது

பாண்டி பஜாரில் வரிசையாக நிறுத்தியிருக்கும் பைக்குகளின் பின் டயரைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி பட்டையாகத் தேய்ந்து கோடுகள் மங்கியிருக்கும். இரண்டு ஓரங்களிலும் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் புத்தம் புதிதாக இருக்கும். அச்சிலிருந்து எடுத்தபோது நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய ரப்பர் முடிகள்கூடச் சில டயர்களில் உதிராமல் நிற்கும். வருடக்கணக்கில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று ஓடிய வண்டியாக இருந்தாலும் அந்த ஓரம் தார்ச்சாலையைத் தொட்டிருக்காது.

காரணம், நாம் சாய்வதே இல்லை. லஸ் முனையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒருவர் திரும்புகிறார் என்று வைத்துக்கொண்டால், வண்டி சாய வேண்டியது சுமார் 18 டிகிரிதான். ஆட்டோவுக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவில் அதற்குமேல் சாய இடமும் இல்லை.

இதே சென்னையிலிருந்து பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை வரும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளம் அங்கே இருக்கிறது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். அங்கே சில சுற்றுகள் ஓடிவிட்டு வந்து நிற்கும் டயரின் ஓரத்தைத் தொட்டால் சுடும். ரப்பர் இளகி, பென்சிலை அழித்த ரப்பர்த் துருவல் போலச் சுருண்டு சுருண்டு ஒட்டியிருக்கும். நகரத்து டயரில் வேலையே இல்லாமல் கிடக்கும் அந்த விரலகல ஓரம்தான் அங்கே முழு வேலையையும் செய்கிறது.

எவ்வளவு சாய வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. வேகத்தை அதே வேகத்தால் பெருக்குங்கள். வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுங்கள். வரும் எண் எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்போ, அதுதான் சாய்வு. 80 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விடை ஏறக்குறைய 44 டிகிரி. செங்குத்துக்கும் தரைக்கும் சரிபாதி. மோட்டோஜிபி பந்தயக்காரர்கள் 60 டிகிரிக்கும் மேலே போகிறார்கள்.

இந்தக் கணக்கில் எடை எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒல்லியானவரும் பருத்தவரும் ஒரே வளைவில் ஒரே வேகத்தில் போனால் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் சாய வேண்டும். டயரின் அகலம், ஓட்டுபவர் உடம்பை எங்கே வைக்கிறார் என்பதெல்லாம் இந்த எண்ணைச் சில டிகிரி அசைக்கும், அவ்வளவுதான். பந்தயக்காரர்கள் சீட்டிலிருந்து பாதி இறங்கி உள்பக்கம் தொங்குவது அதற்காகத்தான். ஆள் உள்ளே சாய்ந்தால், மொத்த எடையின் மையம் உள்ளே நகரும். அதே வேகத்துக்கு வண்டி சற்றுக் குறைவாகச் சாய்ந்தால் போதும். முழங்காலில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் வில்லை தரையில் உரசுவதைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் அதை வீரமாகக் காட்டுகிறார்கள். ஓட்டுபவருக்கு அது ஓர் அளவுகோல், இவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று தரையே சொல்லும் தகவல்.

சரி, சாய்ப்பது எப்படி? நகரத்தில் தினமும் பைக் ஓட்டுபவரிடம் கேட்டால், 'உடம்பை அந்தப் பக்கம் சாய்ப்பேன், வண்டி போகும்' என்பார். அவர் நினைப்பது ஒன்று, அவர் கை செய்வது இன்னொன்று. வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், ஓரளவு வேகத்தில், ஹேண்டில்பாரை முதலில் இடப்பக்கம் திருப்பித்தான் ஆக வேண்டும். வலது கைப்பிடியை முன்னால் தள்ளினால் முன்சக்கரம் இடதுபக்கம் விலகும். சக்கரம் கீழே இடதுபக்கம் நழுவ, மேலே இருக்கும் ஆளும் வண்டியும் வலதுபக்கம் சாய்வார்கள். சாய்ந்த பிறகு சக்கரம் தானாகவே வலப்பக்கம் திரும்பி வளைவைப் பிடித்துக்கொள்ளும். விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியவர்களுக்கு இது புரியும். அதை வலதுபக்கம் கொண்டுபோக வேண்டுமென்றால் கையை முதலில் இடதுபக்கம் இழுத்தாக வேண்டும்.

விமானம் செய்த ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். மூத்தவரான வில்பர் பல சைக்கிள்காரர்களிடம், இடப்பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். ஹேண்டில்பாரை முதலில் எதிர்ப்பக்கம் திருப்புகிறோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாரும் செய்கிறார்கள், யாருக்கும் தெரியவில்லை. கச்சேரி ரோட்டில் பால் பாக்கெட் போடும் பையனும் விடியற்காலையில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

இதையொட்டி இன்னொரு வேடிக்கை. ஓடும் இருசக்கர வண்டி ஏன் விழாமல் நிற்கிறது என்றால், சக்கரம் பம்பரம் போலச் சுழல்வதால் என்று பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினார். எதிர்ப்பக்கம் சுழலும் கூடுதல் சக்கரத்தை மாட்டி, பம்பர விளைவைச் சமன்செய்தார். அதையும் ஓட்ட முடிந்தது. 1970இல் அவர் அதை எழுதினார். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் பம்பர விளைவையும், முன்சக்கரம் பின்னால் இழுபடுவதால் வரும் நேர்படுத்தலையும் சேர்த்தே நீக்கிய ஒரு சின்ன வண்டியைச் செய்து தள்ளிவிட்டார்கள். அதுவும் ஆளில்லாமல் தானே நிமிர்ந்து ஓடியது. இருசக்கர வண்டி நிற்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. எடை எங்கே இருக்கிறது, ஹேண்டில் எந்தக் கோணத்தில் இருக்கிறது, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று பல காரணங்கள் கைகோத்து நிற்கின்றன.

பந்தயம் கற்க வருகிற புதியவருக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தேவையில்லை. ஆனால் கை தனக்குத் தெரியாமல் செய்வதைத் தெரிந்து செய்யப் பழக வேண்டும். கைப்பிடியை மெதுவாகத் தள்ளினால் வண்டி சோம்பலாகச் சாயும், வளைவின் வெளிப்பக்கம் ஓடும். உறுதியாக ஒரே தள்ளாகத் தள்ளினால் சட்டென்று சாய்ந்து, நினைத்த கோட்டில் நிற்கும். கீத் கோட் என்ற அமெரிக்கர் 1980இல் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இருங்காட்டுக்கோட்டையிலும் வகுப்பு நடத்தியிருக்கிறது. ஒரே கியர், பிரேக் கிடையாது என்ற நிபந்தனையோடுதான் அங்கே முதல் பயிற்சி தொடங்குகிறது. வேகமாக ஓட்ட வந்தவனைப் பிரேக் இல்லாமல் ஓட்டச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். பிரேக் இல்லை என்றதும் ஆள் எந்த வேகத்தில் வளைவுக்குள் நுழையலாம் என்று தானே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

சென்னைக்கு இந்தப் பித்து புதிதல்ல. கிளப் தொடங்கியது 1953இல். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. விமானத்துக்கு வளைவு தேவையில்லை, ஆகவே அங்கே வளைவுகளைப் பந்தயக்காரர்கள்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஜாவா, புல்லட் காலம் போய், 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தபின் டூ-ஸ்ட்ரோக் புகை அந்த ஓடுதளத்தை நிறைத்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் திறந்தது. வளைவுகளுக்கென்றே திட்டமிட்டுப் போட்ட தார் அப்போதுதான் கிடைத்தது.

அதன்பின் வந்தவர்களில் சென்னைக்காரர்கள் நிறையப் பேர். பலமுறை தேசியச் சாம்பியனான ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார். 2011இல் 125 சிசி உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓட்டிய முதல் இந்தியரான சரத்குமார். பந்தயக்காரரான தந்தையைப் பார்த்து வளர்ந்த அலிஷா அப்துல்லா. நடிகர் அஜித்குமாரும் கார்ப் பந்தயத்துக்குப் போவதற்கு முன் பைக்கில்தான் தொடங்கினார். ஆனால் எந்தப் பந்தய நாளிலும் இவர்களைப் போன்றவர்கள் சிலரே. மற்றவர்கள் கல்லூரி மாணவர்கள், மெக்கானிக்குகள், வாரம் முழுக்க ஆபீஸ் போய்விட்டு வருகிறவர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி தரும் ஒன்-மேக் பந்தயங்கள் வந்தபின் இவர்களுக்கு வழி சற்று அகலமானது. டிவிஎஸ் பல வருடங்களாக இதை நடத்துகிறது. ராயல் என்ஃபீல்ட் 2021இல் கான்டினென்டல் ஜிடி வண்டிகளுக்கென்று ஒரு கோப்பையைத் தொடங்கியது. வண்டி எல்லாருக்கும் ஒன்று என்றால், மிச்சமிருப்பது ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம்தான்.

ஓட்டுவதற்கு முன் பரிசோதனை ஒன்று உண்டு. கண்ணாடி, ஹெட்லைட், ஸ்டாண்டு எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் ஊசித்துளை போட்டு, அதில் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கி, எஞ்சின் கூட்டோடு கட்டியிருக்க வேண்டும். அதிர்வில் போல்ட் கழன்று ஆயில் கொட்டினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் வழுக்கி விழுவார்கள். பரிசோதகர் அந்தக் கம்பியை விரலால் இழுத்துப் பார்ப்பார். தளர்வாக இருந்தால் திரும்பிப் போய்க் கட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

வண்டியும் ஆளும் சேர்ந்து சுமார் 210 கிலோ. அத்தனையும் தரையைத் தொடுவது டயருக்கு ஓர் உள்ளங்கை வீதம் இரண்டு உள்ளங்கை அளவில். அங்கே நடப்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி.

உராய்வு தொடும் பரப்பைச் சார்ந்ததல்ல என்று பள்ளியில் படித்திருப்போம். இரும்புக்கும் மரத்துக்கும் அது சரி, ரப்பர் அதற்குக் கட்டுப்படுவதில்லை. ரப்பரின் பிடிமானம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் கல்லின் பரப்போடு நொடிப்பொழுது ஒட்டி, இழுபட்டு, பிய்வது. இன்னொன்று, தார்ச்சாலையின் ஜல்லி முனைகள் ரப்பருக்குள் புதைவது. முனையின் ஒரு பக்கம் அமுங்கிய ரப்பர் மறுபக்கம் உடனே நிமிர்வதில்லை, சற்றுத் தாமதித்து நிமிர்கிறது. அந்தத் தாமதத்தால் முனையின் முன்பக்கம் அழுத்தம் அதிகம், பின்பக்கம் குறைவு. அந்த வித்தியாசம் சறுக்கலைத் தடுக்கிறது. தாமதத்தில் இழந்த சக்தி வெப்பமாகிறது, வெப்பம் ரப்பரை இளக்குகிறது, இளகிய ரப்பர் இன்னும் நன்றாக ஜல்லிக்குள் இறங்குகிறது. அளவுக்கு மீறிச் சூடானால் குழைந்து நழுவவும் செய்யும். குளிர்ந்த டயரோடு முதல் சுற்றிலேயே முழு வீரம் காட்டுகிறவர் விழுவது இதனால்தான். நல்ல பந்தய டயர் தன் மேல் இருக்கும் எடையைவிட அதிகமான விசையைப் பக்கவாட்டில் தாங்கும். உராய்வுக் கெழு ஒன்றுக்குமேல் போகிறது என்று அர்த்தம். திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் நிறுவனத்தின் பெயரில்தான் தேசிய பைக் சாம்பியன்ஷிப் பல வருடம் நடந்தது என்பது இந்த ஊரின் ரப்பர் கதைக்குப் பொருத்தமான கிளை.

இனி கணக்கு. டயருக்கு உள்ள மொத்தப் பிடிமானத்தை நூறு என்று வையுங்கள். பிரேக் பிடிக்கவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், வளையவும் அதிலிருந்துதான். நூறில் எண்பதைப் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் வளைய எவ்வளவு மிச்சம்? இருபது என்று சொல்லத் தோன்றும். சரியான விடை அறுபது.

பிரேக் விசை முன்பின்னாக வேலை செய்கிறது, வளையும் விசை பக்கவாட்டில். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. ஆகவே அவற்றைக் கூட்டுவது பித்தாகரஸ் முறையில்: எண்பதின் வர்க்கமும் அறுபதின் வர்க்கமும் சேர்ந்தால் நூறின் வர்க்கம். வட்டம் ஒன்றைத் தாளில் வரைந்து, மையத்திலிருந்து விளிம்புக்குக் கோடு இழுத்தால் எந்தத் திசையிலும் நூறு. வட்டத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும், வெளியே போனால் சறுக்கும். (உண்மை டயரில் இது கொஞ்சம் நசுங்கிய வட்டம். அதனால் கதை மாறாது.) இன்னும் ஆச்சரியம் வேண்டுமானால், வளைவதற்கே 95 பங்கைச் செலவழித்துக்கொண்டிருப்பவருக்கும் பிரேக்குக்கு 31 பங்கு மீதி இருக்கிறது.

புதியவர்கள் பெரும்பாலும் நேர்கோட்டில் பிரேக்கைப் பிடித்து, முழுவதும் விட்டுவிட்டு, அப்புறம் வண்டியைச் சாய்க்கிறார்கள். முதல் நாளுக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனால் பிரேக்கை விட்ட கணத்துக்கும் முழுதாகச் சாய்ந்த கணத்துக்கும் நடுவில் டயர் சும்மா இருக்கிறது. தேர்ந்தவர் பிரேக்கோடு வளைவுக்குள் நுழைந்து, சாய்வு ஏற ஏற விரலை இளக்குகிறார். வட்டத்தின் விளிம்பிலேயே நடந்து போவது மாதிரி. இரண்டு விரலின் அழுத்தமும் சாய்வும் ஒன்று கூட ஒன்று குறைய வேண்டும். இதைக் கற்கத்தான் வருடங்கள் போகின்றன.

பிரேக்கைப் பிடிக்கும் விதத்திலும் சூட்சுமம் உண்டு. முன்பிரேக்கை அழுத்தினால் எடை முன்னால் சாய்கிறது, முன் டயர் நசுங்கித் தரையைத் தொடும் பரப்பு பெரிதாகிறது. வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தை நெருங்கும்போது கிட்டத்தட்ட முழு எடையும் முன் டயரில்தான். பின் டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் மிதக்கும். ஆனால் எடை வந்து சேரச் சிறிது நேரம் வேண்டும். வந்து சேரும் முன் வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முதலில் மெதுவாக, பிறகு பலமாக.

இந்த வட்டத்தைத் தெருவில் பழகுவது ஏன் மடமை என்பதும் இதிலேயே இருக்கிறது. பந்தயத் தளத்தில் வட்டத்தின் அளவு சுற்றுக்குச் சுற்று அதிகம் மாறாது. அதனால்தான் அதன் விளிம்பைத் தேட முடிகிறது. சர்தார் பட்டேல் சாலையிலோ கடற்கரைச் சாலையிலோ அது பத்து மீட்டருக்கு ஒருமுறை சுருங்கி விரியும். மணல், வெள்ளைக் கோட்டின் பெயின்ட், பாதாளச் சாக்கடை மூடி, மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, தண்ணீர் லாரி சிந்திய ஈரம். சனிக்கிழமை ராத்திரி ரேஸ் விடுகிற பையன்கள் எல்லையைத் தேடுவதாக நினைக்கிறார்கள், அங்கே எல்லை என்று ஒன்று நிலையாக இல்லவே இல்லை. அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் முதல் முறைக்கு மூன்று மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. எதிரே ஸ்கூட்டியில் வருகிற அம்மாவுக்கு இந்தப் பந்தயத்தில் யாரும் பெயர் கொடுக்கவில்லை.

தளத்திலும் விழுகிறார்கள். டயர் வழுக்கி, வண்டி உள்பக்கம் படுத்து, ஆளும் வண்டியும் தனித்தனியாகத் தேய்த்துக்கொண்டு போவது லோ-சைடு. தோல் உடை அதற்குத்தான். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு நடப்பவர்கள் நிறைய. ஹை-சைடு வேறு ரகம். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை அதிகம் முறுக்கியதால் பின் டயர் பக்கவாட்டில் நழுவ ஆரம்பிக்கும். பயந்துபோய் ஆக்சிலரேட்டரை அடைத்தால், நழுவிய டயருக்குச் சட்டென்று பிடி கிடைக்கும். பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த வண்டி வெட்டி நிமிரும், மேலே இருப்பவர் வெளிப்பக்கம் தூக்கி எறியப்படுவார். இங்கே ஆபத்து நழுவியதில் இல்லை, திரும்பப் பிடித்ததில் இருக்கிறது. கீத் கோட் இந்த மாதிரிப் பயங்களைப் பட்டியலே போட்டிருக்கிறார்: ஆக்சிலரேட்டரை அடைப்பது, கைப்பிடியை இறுக்குவது, பயப்படும் பொருளையே முறைத்துப் பார்ப்பது. உயிரைக் காக்க உடம்பு தானாகச் செய்யும் இவை, இருசக்கர வண்டியின் மேல் அநேகமாக எப்போதும் தப்பாகவே முடியும். பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும், ஆகவே பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போகும்.

எல்லாம் தெரிந்தும், எல்லாம் அணிந்தும் போதாமல் போவதுண்டு. 2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் பந்தயத்தில் விழுந்து இறந்தான். அந்த வாரப் பந்தயங்களை நிறுத்தினார்கள். எந்த வயதில் இதை ஆரம்பிக்கலாம் என்ற கேள்வி அதன்பின் பலமாக எழுந்தது. திறமைக்குச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனாலும் பதிமூன்று வயதுப் பிள்ளையின் சம்மதத்தைச் சம்மதம் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

வளைவு முடிந்து நேர்பாதைக்கு வந்தால் எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் கனத்தில் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட 33 சதவீதம் அதிக சக்தி வேண்டும். 165 சிசி வண்டியில் அவ்வளவு சக்தி எங்கிருந்து வரும்? முன்னால் போகிறவர் முதுகிலிருந்து வரும். அவர் காற்றைக் கிழித்துப் போன தடத்தில் அழுத்தம் குறைவு. அதற்குள் ஒட்டிக்கொண்டவருக்கு அதே எஞ்சினில் கூடுதல் வேகம் கிடைக்கும். அதனால்தான் சிறிய வண்டிப் பந்தயங்களில் ஐந்தாறு பேர் கொத்தாகவே சுற்றுகிறார்கள். கடைசிச் சுற்றின் கடைசி வளைவிலிருந்து முதலாவதாக வெளியே வருவதை யாரும் விரும்புவதில்லை. முன்னால் இருப்பவர்தான் எல்லாருக்கும் சேர்த்துக் காற்றைக் கிழிக்க வேண்டும்.

பின்னால் இருப்பவரும் சும்மா ஜெயித்துவிட முடியாது. தடத்திலிருந்து எப்போது விலகுவது என்பதில் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் விலகினால் முழுக் காற்றும் தனியாக முகத்தில் அறையும், சேர்த்த வேகம் கோட்டுக்கு முன்பே தீர்ந்துபோகும். தாமதித்தால் கோடு முந்திக்கொள்ளும். முடிவை ஆயிரத்தில் ஒரு விநாடிவரை அளக்கிறார்கள். 140 கிலோமீட்டர் வேகத்தில் அது நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரம். விலகுவதற்குச் சரியான இடத்தைக் காலைப் பயிற்சியில் ஒருவர் கண்டுபிடித்து, சுவரில் ஏதோ ஒரு விளம்பரப் பலகையை அடையாளம் வைத்திருப்பார். காலையில் வீசியது மேற்குக் காற்று. பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து கடற்காற்று அவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டால், அந்தப் பலகை பிரயோசனப்படாது. பந்தயத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது பழையவர்கள் கண்ட்ரோல் டவர் மேல் கட்டியிருக்கும் கொடி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஹெல்மெட் மாட்டுவார்கள்.